கல்லூரியில் ஜப்பானிய மொழி தொடக்க வகுப்பு: குமரி மாவட்ட மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நடக்கும் ஜப்பானிய மொழித் தொடக்க வகுப்பில் உதவி செய்கிறேன். பருவம் தொடங்கும்போதெல்லாம் மாணவர்களும் பெற்றோரும் அநேகமாக ஒரே சந்தேகங்களைத்தான் கொண்டுவருகிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, பதில்களை ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் சில, முன்னால் சொன்னவற்றை வைத்துத்தான் நகர்கின்றன.

1. எனக்கு இங்கிலீஷே தட்டுத்தடுமாறித்தான் வரும். ஜப்பானீஸ் வருமா?

வரும். இங்கிலீஷில் நாம் தடுமாறுவதற்கு முக்கியமான காரணமே வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டியிருப்பதுதான். ஜப்பானிய மொழியில் அந்த வேலை இல்லை. நாம் 'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்று சொல்வதுபோல, யார், எதை, என்ன செய்தார் என்ற வரிசையிலேயே அவர்களும் சொல்கிறார்கள். வினைச்சொல் கடைசியில்தான் வரும். 'நேற்று அம்மா வாங்கின மீன்' என்று நாம் சொல்வதை அதே அடுக்கில் அங்கேயும் சொல்லலாம்.

பாடப்புத்தகத்தின் விளக்கக் குறிப்புகள் பெரும்பாலும் இங்கிலீஷில் இருப்பதால் பிள்ளைகள் மிரண்டுபோகிறார்கள். அந்தக் குறிப்பு புரியவில்லை என்றால் மொழியே புரியவில்லை என்று நினைக்க வேண்டாம். ஆசிரியரிடம் தமிழிலேயே கேளுங்கள். இலக்கணத்தைத் தமிழ் வழியாகப் பிடிப்பதுதான் நமக்குக் குறுக்கு வழி. கீழே பல பதில்களில் இதையே திரும்பவும் சொல்லப் போகிறேன்.

2. மூணு வகை எழுத்தாமே? மொத்தம் எத்தனை படிக்கணும்?

ஹிராகானாவில் அடிப்படை எழுத்துகள் 46. அதே ஒலிகளுக்கு இன்னொரு உருவமாகக் கட்டக்கானாவில் 46. வெளிநாட்டுச் சொற்களையும் நம் பெயர்களையும் கட்டக்கானாவில்தான் எழுத வேண்டும். மூன்றாவது காஞ்சி, சீனாவிலிருந்து வந்த பட எழுத்துகள். பொதுப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு 2010-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2,136 காஞ்சி எழுத்துகள் உள்ளன. பயப்பட வேண்டாம், தொடக்க நிலைக்கு ஏறக்குறைய நூறு போதும்.

ஹிராகானா அட்டவணையைப் பார்த்ததும் நம் பிள்ளைகளுக்குப் பழகின முகம் போலத் தெரியும். உயிரெழுத்து அ, இ, உ, எ, ஒ. மெய் வரிசை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம்முடைய க, ச, ட, த, ப, ம, ய, ர, ல, வ வரிசையின் சாயல் அதில் தெரிகிறது அல்லவா? இது தற்செயல் இல்லை. பௌத்தத்தோடு அங்கே போன இந்திய எழுத்து முறையைப் படித்த துறவிகள் வழியாக வந்த வரிசை அது. அந்த ஹ வரிசையும் பழங்காலத்தில் ப வரிசையாக ஒலித்ததுதான்.

கையால் எழுதிப் படியுங்கள். தினம் ஐந்து எழுத்து என்று வைத்துக்கொண்டால் ஹிராகானா பத்து நாளில் முடிந்துவிடும். கட்டக்கானாவில் 'ஷி', 'ட்சு' இரண்டும், 'சொ', 'ன்' இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். கோடு எந்தப் பக்கத்திலிருந்து இழுக்கப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம். ஆகவே எழுதும் வரிசையை முதல் நாளிலிருந்தே சரியாகப் பழகுங்கள்.

3. இந்த கோர்ஸ் முடிச்சா என்-5 எழுதிரலாமா?

என்-5 என்பது ஜே.எல்.பி.டி. எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் முதல் படி. என்-5-இல் தொடங்கி என்-1 வரை ஐந்து நிலைகள். கல்லூரிகளில் மதிப்புக்கூட்டுப் பாடமாக நடப்பது பெரும்பாலும் 30 மணி நேர வகுப்பு. 2010-க்கு முன்பு இருந்த பழைய தேர்வின் கடைசி நிலை, இன்றைய என்-5-க்கு ஏறக்குறையச் சமம். அதற்கு 150 மணி நேரப் படிப்பு, 800 சொல், 100 காஞ்சி என்று கணக்கு வைத்திருந்தார்கள். இப்போது அதிகாரப்பூர்வமான சொல் பட்டியல் கிடையாது. ஆனாலும் இந்தக் கணக்கு இன்றும் நல்ல வழிகாட்டி.

அப்படிப் பார்த்தால் 30 மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகிறது. பல வகுப்புகளில் வைக்கும் மின்னா நோ நிஹொங்கோ என்ற பாடப்புத்தகத்தின் முதல் தொகுதியில் 25 பாடங்கள். அதை முடித்தால்தான் என்-5-க்குத் தயார் என்று சொல்ல முடியும். ஒரு பருவ வகுப்பில் இரண்டு எழுத்து வகையும் ஏழெட்டுப் பாடமும் உருப்படியாக முடிந்தாலே ஆசிரியர் நன்றாக நடத்தியிருக்கிறார் என்று அர்த்தம். இரண்டு பருவம் சேர்ந்து, வீட்டிலும் தினம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் அடுத்த ஆண்டுத் தேர்வை நம்பிக்கையோடு எழுதலாம். கல்லூரி தரும் சான்றிதழும் ஜே.எல்.பி.டி. சான்றிதழும் வேறு வேறு. வெளியே கேட்பது இரண்டாவதைத்தான்.

4. தேர்வு எங்க நடக்கும்? நாகர்கோவில்ல சென்டர் உண்டா?

இல்லை. நமக்கு வசதியான மையம் சென்னை. ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசொகாய் தமிழ்நாடு மையம் என்ற அமைப்பு அங்கே இந்தத் தேர்வை நடத்துகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலையிலும் டிசம்பரிலும், முதல் ஞாயிற்றுக்கிழமையில் நடக்கும். விண்ணப்பம் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும், இடங்களும் சீக்கிரம் நிரம்பும். தேர்வுக்கு இரண்டு மாதம் முன்னால் யோசிக்க ஆரம்பித்தால் அடுத்த முறைக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் சனிக்கிழமை சாயங்காலம் ஏறி ஞாயிறு காலை எழும்பூரில் இறங்கி நேராகப் பரீட்சைக்குப் போகிறோம் என்று சிலர் திட்டம் போடுகிறார்கள். வேண்டாம், வெள்ளிக்கிழமையே ஏறுங்கள். தூக்கம் கெட்டால் கேட்டல் பகுதியில்தான் அடி விழும், அதில் ஒலிப்பதிவு திரும்ப ஓடாது. ரயில் டிக்கெட்டையும் விண்ணப்பித்த கையோடு எடுத்துவிடுங்கள்.

5. பேசச் சொல்லுவாங்களா? எவ்வளவு மார்க் வேணும்?

பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது. எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுத்து வட்டத்தைக் கருப்பாக்கும் கேள்விகள். என்-5-இல் சொல்லுக்கு 20 நிமிடம், இலக்கணமும் வாசிப்பும் 40 நிமிடம், கேட்டல் 30 நிமிடம். மொத்தம் 180 மதிப்பெண்ணில் 80 எடுத்தால் தேர்ச்சி.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. முதல் இரண்டு பகுதிகள் சேர்ந்த 120-இல் குறைந்தது 38, கேட்டலில் 60-க்குக் குறைந்தது 19 வாங்கியாக வேண்டும். மொத்தம் 100 தாண்டியும் கேட்டலில் 18 என்றால் தோல்விதான். புத்தகத்தை மட்டும் உருப்போடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

6. தமிழ்லயே எழுதி வச்சு மனப்பாடம் பண்ணினா என்ன?

பண்ணாதீர்கள். இந்தப் பக்கத்தில் சில சொற்களை நான் தமிழில் எழுதியிருப்பது அடையாளம் காட்டுவதற்காக மட்டும். உங்கள் நோட்டில் இரண்டாவது வாரத்துக்குப் பிறகு ஒரு ஜப்பானியச் சொல்கூடத் தமிழ் எழுத்தில் இருக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன்.

காரணம் இதுதான். நமக்கு ஒரு 'க', ஒரு 'த'. அது சொல்லின் முதலில் வந்தால் வன்மையாகவும், நடுவில் வந்தால் மென்மையாகவும் நாமே மாற்றிச் சொல்லிக்கொள்கிறோம். 'கடல்' என்பதில் உள்ள க வேறு, 'அகல்' என்பதில் உள்ள க வேறு. ஜப்பானிய மொழியில் இடத்தைப் பார்த்து ஒலி மாறாது, ஒலி மாறினால் பொருளே மாறிவிடும். பல்கலைக்கழகத்துக்கு ஒரு சொல் இருக்கிறது. படிப்பைப் பாதியில் விட்டு விலகுவதற்கு ஒரு சொல் இருக்கிறது. இரண்டையும் தமிழில் எழுதினால் 'தைககு'தான். முதல் ஒலி 'தம்பி'யில் உள்ள த-வா, 'தினம்' என்பதை வடமொழிச் சாயலில் சொல்லும்போது வரும் அதிர்வுள்ள த-வா என்பதுதான் வித்தியாசம். ஹிராகானாவில் இரண்டு சின்னக் கோடு போட்டு இதைத் தெளிவாகக் காட்டிவிடுகிறார்கள்.

சிலர் புத்திசாலித்தனமாக, நடுவில் வரும் க மென்மையாகிவிடாமல் இருக்க 'க்க' என்று எழுதிக்கொள்கிறார்கள். அதுவும் ஆகாது. மெய் இரட்டித்தால் அங்கே வேறு சொல். 'வந்து' என்பதற்கான சொல்லில் மெய்யை இரட்டித்தால் தபால்தலை ஆகிவிடும். ஆக, தமிழ் எழுத்து இரண்டு பக்கமும் காலை வாரும். ஆனால் தமிழ்க் காது நமக்குப் பெரிய சொத்து. 'படம்', 'பட்டம்' என்ற வேறுபாடும் 'பல்', 'பால்' என்ற குறில் நெடில் வேறுபாடும் நமக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். அத்தைக்கும் பாட்டிக்கும் நடுவே ஒரு நெடில்தான் வித்தியாசம் என்று சொன்னால் நம் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். காதால் கேட்டு, ஹிராகானாவில் எழுதுங்கள்.

7. எங்க வீடு களியக்காவிளை பக்கம். மலையாளம் கலந்துதான் பேசுவோம். அது இடைஞ்சலா இருக்குமா?

இடைஞ்சல் இல்லை, உதவிதான். தமிழில் வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று வினையின் கடைசியில் ஆளைக் காட்டுகிறோம். ஜப்பானிய வினை யார் வந்தாலும் ஒரே மாதிரி நிற்கும், மலையாளத்தில் 'வந்நு' நிற்பதுபோல. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது உறுத்துவதே இல்லை. மலையாளம் வாசிக்கத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. மேலே ஆறாவது கேள்வியில் சொன்ன அதிர்வுள்ள ஒலிக்கும் அதிர்வில்லாத ஒலிக்கும் அந்த எழுத்தில் தனித்தனி வடிவம் உண்டு.

8. தமிழும் ஜப்பானீசும் ஒரே குடும்பம்னு யூடியூப்ல சொல்றாங்களே, நெசமா?

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் (1919–2008) அப்படி ஒரு கருத்தை முன்வைத்தார். தமிழறிஞர்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்தவர். சொற்களையும் பழக்கவழக்கங்களையும் ஒப்பிட்டு நிறைய எழுதினார். ஆனால் மொழியியல் அறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. சொல்லொற்றுமைகளுக்குச் சீரான ஒலிமாற்ற விதி காட்டப்படவில்லை என்பது அவர்கள் வைக்கும் முக்கியமான மறுப்பு.

இரண்டு மொழிகளின் அமைப்பு ஒத்துப்போவது மட்டும் உண்மை. துருக்கி, கொரிய மொழிகளிலும் வினை கடைசியில்தான் வரும். உறவு இருக்கிறதா இல்லையா என்பதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். படிக்கிறவருக்கு அந்த ஒற்றுமை கையில் கிடைத்த கருவி. அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம்.

9. 'வ', 'ஒ', 'நி', 'தெ'ன்னு குட்டிக் குட்டியா வருதே, அதுதான் தலை சுத்துது.

அவை வேற்றுமை உருபுகள். பத்தாம் வகுப்புத் தமிழை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். 'ஒ' என்றால் நம் 'ஐ'. 'தொ' என்றால் 'உடன்'. 'மொ' என்றால் 'உம்', 'நானும்' என்று சொல்வது அப்படித்தான். 'கர' என்றால் 'இருந்து', 'மதெ' என்றால் 'வரை'. நாகர்கோவில் கர, கொல்லம் மதெ. அவ்வளவுதான். வாக்கியத்தின் கடைசியில் வரும் 'க', 'வந்தாயா' என்பதில் உள்ள ஆ மாதிரி கேள்வியைக் காட்டுகிறது.

சிக்கல் 'நி', 'தெ' இரண்டிலும்தான். தமிழில் இரண்டுமே 'இல்' ஆகிவிடுகிறது. வடசேரியில் பஸ் ஸ்டாண்ட் இருக்கிறது என்றால் 'நி', ஏனென்றால் அது இருக்கும் இடம். வடசேரிச் சந்தையில் காய்கறி வாங்கினேன் என்றால் 'தெ', அங்கே ஒரு செயல் நடக்கிறது. 'பஸ்ஸில் போனேன்' என்பதற்கும் 'தெ'தான். எழுவாயோடு வரும் 'வ'வுக்கும் அதிர்வுள்ள 'க'வுக்கும் (இது கேள்விக்கான 'க' இல்லை) உள்ள வேறுபாடு தொடக்கத்தில் முழுசாகப் பிடிபடாது, பாடத்தில் வந்த வாக்கியங்களை அப்படியே பழகி வாருங்கள்.

10. 'தெ' வடிவம் வந்ததும் பாதிப் பேர் வகுப்பை விட்டுடுறாங்களே, அவ்வளவு கஷ்டமா?

இது மேலே சொன்ன 'தெ' உருபு இல்லை, வினையின் ஒரு வடிவம்; இதில் வருவது அதிர்வில்லாத த. அந்தப் பாடம் மின்னா நோ நிஹொங்கோவில் பதினான்காவதாக வருகிறது. வினையின் கடைசி ஒலியைப் பொறுத்து மாற்றம் வேறு வேறாக இருப்பதால் முதலில் குழப்பும். இரண்டு வாரம் வாய்விட்டுச் சொல்லிப் பழகியே ஆக வேண்டும், அதற்கு மாற்று இல்லை.

ஆனால் பொருளைப் பொறுத்தவரை, இங்கிலீஷ் வழியாகப் படிக்கிறவர்களை விட நமக்கு இது எவ்வளவோ எளிது. 'தெ' வடிவம் என்பது நம் 'செய்து'. 'தபெதெ' என்றால் 'சாப்பிட்டு'. அதனோடு 'இரு' என்ற வினையைச் சேர்த்தால் 'சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன்'. 'கொடுங்கள்' என்பதைச் சேர்த்தால் வேண்டுகோள், நம் ஊரில் 'இதைக் கொஞ்சம் எழுதித் தா' என்கிறோமே, அதே அமைப்பு. 'செய்தாலும் சரி' என்று அனுமதி கொடுப்பதையும் அவர்கள் அப்படியேதான் கட்டுகிறார்கள்.

அடுத்த நிலைக்குப் போனால் இன்னும் ருசி. 'பார்' என்ற வினையைச் சேர்த்தால் 'சாப்பிட்டுப் பார்'. 'வை' சேர்த்தால் 'வாங்கி வை'. 'வா' சேர்த்தால் 'வாங்கிட்டு வா'. 'மறந்துவிட்டேன்' என்பதில் உள்ள 'விடு'வுக்கும் அங்கே ஒரு துணைவினை இருக்கிறது. அந்த 'விட்டேன்' தரும் வருத்தம்கூட அப்படியே வருகிறது. இங்கிலீஷ் குறிப்பு ஒவ்வொன்றையும் அரைப் பக்கம் விளக்கும். நமக்கு ஒரு தமிழ் வாக்கியம் போதும். இந்த இடத்தில் வகுப்பை விட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை, ஏனென்றால் நமக்குச் சாதகமான பகுதியே இங்கேதான் தொடங்குகிறது.

11. எல்லாப் பேருக்கும் பின்னாடி 'சான்' போட்டாப் போருமா?

'சன்', குறில்தான். உங்கள் பெயருக்குப் பின்னால் மட்டும் நீங்களே போடக் கூடாது. ஆசிரியருக்கு அது போதாது, 'சென்செய்' என்று அழைக்க வேண்டும். எதிரில் இருப்பவரை 'நீங்கள்' என்று சொல்ல 'அனத' என்று புத்தகத்தில் வரும். நேரில் அதைத் தவிர்த்து, பெயரோடு 'சன்' சேர்த்துச் சொல்வதே மரியாதை.

நமக்கு வித்தியாசமாகத் தோன்றும் விஷயம் இன்னொன்று. வெளியாளிடம் பேசும்போது 'அப்பா வந்தாங்க' என்று நாம் சொந்த அப்பாவை உயர்த்திச் சொல்கிறோம். அங்கே வெளியாரிடம் தன் வீட்டாரைப் பணிவாகத் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு ஒரு சொல், உங்கள் அம்மாவுக்கு ஒரு சொல். மரியாதை தெரியாமல் இல்லை, மரியாதை எதிரில் இருப்பவருக்குப் போகிறது.

12. நம்ம ஊர்ல ஜப்பான்காரங்களே இல்லையே, யார்கிட்ட பேசிப் பழக?

தொடக்க நிலையில் அது பெரிய குறை இல்லை. பாடத்தின் உரையாடல் ஒலிப்பதிவை ஓடவிட்டு, அரை நொடி பின்னால் அதே ஏற்ற இறக்கத்தோடு கூடவே சொல்லுங்கள். கல்லூரிப் பேருந்தில் கிடைக்கும் நேரம் இதற்குப் போதும். என்.எச்.கே. வேர்ல்டு தரும் எளிய ஜப்பானியப் பாடங்கள் இலவசம். ஜப்பான் ஃபவுண்டேஷன் நடத்தும் மினாத்தோ இணையதளத்திலும் இலவசப் பாடங்கள் உள்ளன. வகுப்புத் தோழர் ஒருவரோடு தினம் ஐந்து நிமிடம் பேசுவது இவை எல்லாவற்றையும் விட நல்லது.

13. பிள்ளை நர்சிங் படிக்கா. என்-5 பாஸானா ஜப்பான்ல நர்ஸ் வேலை கிடைக்குமா?

கிடைக்காது. நம் மாவட்டத்தில் நிறைய வீடுகளில் கேட்கும் கேள்வி இது, ஆகவே மழுப்பாமல் சொல்கிறேன். இந்திய நர்சிங் பதிவு அங்கே அப்படியே செல்லாது. ஜப்பானிய மொழியில் அந்த நாட்டுத் தேர்வு எழுதித் தேற வேண்டும், அதற்கு மிக உயர்ந்த மொழித்திறன் வேண்டும். பொருளாதார ஒப்பந்தத்தின் வழியாக நர்சுகளை எடுக்கும் திட்டம் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளுக்கு உரியது.

நமக்குத் திறந்திருப்பது பராமரிப்புப் பணி, அதாவது முதியோரைக் குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, நடக்க உதவுவது. 2019 ஏப்ரலில் தொடங்கிய குறிப்பிட்ட திறன் பணியாளர் விசாவில் இந்தத் துறையும் உண்டு. இந்தியாவோடு அதற்கான ஒப்பந்தம் 2021 ஜனவரியில் கையெழுத்தானது. அதற்கு என்-4 அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் என்ற கணினித் தேர்வில் தேர்ச்சி வேண்டும். கூடவே பராமரிப்புத் திறன் தேர்வு ஒன்று, பராமரிப்புப் பணிக்கான மொழித் தேர்வு ஒன்று. இந்த விசாவின் முதல் வகையில் அதிகபட்சம் ஐந்து ஆண்டு இருக்கலாம், குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. நான்கு ஆண்டு நர்சிங் படித்த பிள்ளை இந்த வேலையை ஏற்பாளா என்று அவளிடமே முதலில் கேளுங்கள்.

14. மார்த்தாண்டத்துல ஒரு ஏஜென்ட், மூணு லட்சம் கட்டினா மொழியும் சொல்லித் தந்து வேலையும் வாங்கித் தருவேன்னு சொல்றாரு. நம்பலாமா?

முதலில் அவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற முகவரா என்று இமைகிரேட் இணையதளத்தில் பாருங்கள். பதிவு இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பதிவு பெற்றவர்களும் ஆள் எடுப்பதற்கான சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். மீதிப் பணம் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். பயிற்சிக் கட்டணம் என்றால் எத்தனை மணி நேரம், எந்த நிலை வரை என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியில் உள்ள கணக்கை வைத்து, அவர் சொல்லும் 'மூன்று மாதம்' சாத்தியமா என்று நீங்களே பார்த்துவிடலாம்.

பாஸ்போர்ட்டின் அசலைக் கொடுக்காதீர்கள். வேலை தரும் நிறுவனத்தின் பெயரும் சம்பளமும் உள்ள ஒப்பந்தம் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். சந்தேகம் இருந்தால் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. மேற்கு ஆசியாவுக்குப் போய் ஏமாந்து வந்தவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அதே ஏமாற்று இப்போது ஜப்பான் பெயரில் வருகிறது.

15. அப்போ எஞ்சினியரிங் படிக்கிறவங்களுக்கு?

அவர்களுக்கு வேறு வகை விசா, பட்டமும் வேலையும்தான் அடிப்படை. நிறுவனங்கள் மொழியில் பெரும்பாலும் என்-3, என்-2 எதிர்பார்க்கின்றன. முதலாம் ஆண்டில் தொடங்கினால் பட்டம் முடிவதற்குள் என்-3 எட்டக்கூடியது, கடைசி ஆண்டில் தொடங்கினால் கஷ்டம்.

16. கல்லூரியில என்-5 வரைக்கும்தான் வகுப்பு. அதுக்கு மேல இங்க இருந்தே எப்படிப் படிக்க?

பாடப்புத்தகத்தின் இரண்டாம் தொகுதி, 26 முதல் 50 வரை உள்ள பாடங்கள், என்-4-க்கு உரியவை. பத்தாவது பதிலின் கடைசியில் சொன்ன 'பார்', 'வை', 'வா', 'விடு' என்ற துணைவினைகள் எல்லாம் அதில்தான் வருகின்றன. தொடக்கம் உறுதியாக இருந்தால் அதை நேரடி வகுப்பு இல்லாமல், இணைய வகுப்பு வழியாகவே முடிக்கலாம். தனியாகப் படிக்கிறவர் பாதியில் நின்றுவிடுவார். மூன்று நான்கு பேர் சேர்ந்து கல்லூரி முடிந்ததும் நூலகத்தில் வாரம் இரண்டு நாள் உட்காருங்கள்.

இடைவெளி மட்டும் விடாதீர்கள். ஜே.எல்.பி.டி. முடிவுக்குக் காலாவதி கிடையாது, ஆனால் பயன்படுத்தாத காஞ்சி ஆறு மாதத்தில் கையை விட்டுப் போய்விடும். டிசம்பரில் என்-5 எழுதிவிட்டு முடிவு ஜனவரியில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஊருக்குத் திரும்பிய அடுத்த வாரமே 26-ஆம் பாடத்தைத் திறந்துவிடுங்கள்.